மெத்தைக்குக் கீழே ஒரு நட்டு

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கடிதம் தவிர வேறு எதையும் எழுதிப் பழக்கமில்லை. கோயிலில் நாலு பேர் நின்று பேசினால் செருப்புத் தேடுவதுபோல ஒதுங்கிவிடுவேன். எங்கள் நகரத்துத் தமிழ்ப் பாடசாலையின் ஆண்டு மலருக்கு, "உங்கட வேலை வித்தியாசமானது, அதைப் பற்றி ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ" என்று கேட்டார்கள். மாட்டேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்ததால் சம்மதித்தேன். வேலையைப் பற்றித் தொடங்கியது வீட்டுக் கதையாகிவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

வடக்கு ஜேர்மனியில், ஆற்றங்கரையில், பழைய கப்பல் ஒன்றின் உட்பாகங்களைப் பிரித்து வெட்டும் இடத்தில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். அந்தக் கப்பல் ஒரு காலத்தில் அணுசக்தியில் ஓடியது. நம்மவர்கள் அதை நீர்மூழ்கி என்றுதான் சொல்வார்கள். அது தண்ணீருக்கு மேலே ஓடிய கப்பல் என்று முதல் இரண்டு வருடம் திருத்திப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். ஒருமுறை கலியாண வீட்டில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தவர், என் வேலையைக் கேட்டதும் தன் சாப்பாட்டுத் தட்டைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டார். அவரிலும் பிழையில்லை.

எங்கள் இடத்தில் இரண்டு மண்டபங்கள். உள்மண்டபத்துக்குள் போவதென்றால் சொந்த உடுப்பு, மோதிரம், மணிக்கூடு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, அவர்கள் தரும் உள்ளாடையும் மஞ்சள் உடுப்பும் போட வேண்டும். வெளியே வரும்போது ஒரு பெட்டிக்குள் நின்று, இரண்டு கைகளையும் இரண்டு துளைகளுக்குள் விட வேண்டும். இயந்திரம் பின்னோக்கி எண்ணி, ஒன்றும் ஒட்டவில்லை என்று ஒரு பெண் குரலில் சொன்ன பிறகுதான் கதவு திறக்கும். அந்தக் குரலுக்கு ஒரு நாளும் கோபம் வந்ததில்லை.

நான் பெரும்பாலும் வெளிமண்டபத்தில். உள்ளே வெட்டி, சுரண்டி, கழுவி, அளந்து, இனி இது சாதாரண இரும்புதான் என்று எழுதிக் கொடுத்த துண்டுகள்தான் என்னிடம் வரும். ஒவ்வொன்றிலும் ஒரு இலக்கம் குத்தியிருக்கும். சின்ன நட்டு, போல்ட் எல்லாம் இலக்கமிட்ட பெட்டியில் வரும். நான் அவற்றை உருக்காலைக்கு ஏற்ற அளவில் வெட்டி அனுப்புவேன். அங்கே உருகி, பிறகு பாலத்துக் கம்பியாகவோ யாருடைய வீட்டு ஹீட்டராகவோ வரும்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. தரையில் ஆணி, நட்டு எது கிடந்தாலும் குனிந்து எடுத்து ஜாக்கெட் பைக்குள் போட்டுவிடுவேன். பாரம் தூக்கும் வண்டியின் சில்லுக்குக் கீழே போகக் கூடாதல்லவா. வேலை முடியும்போது பையைத் தட்டிப் பழைய இரும்புத் தொட்டிக்குள் கொட்டிவிட்டு வருவேன். அநேகமாக.

இனி வீட்டுக் கதை. எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. எனக்கு நாற்பத்தேழு வயது, மனைவிக்கு நாற்பத்திரண்டு. அதற்கு முன் இரண்டு முறை வயிற்றிலேயே போய்விட்டது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத வரவில்லை. இந்தப் பிள்ளை அழுதுகொண்டு வந்தபோது, ஆஸ்பத்திரித் தாதி என்னிடம்தான் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

மனைவியின் தமக்கை ஸ்டுட்கார்ட்டிலிருந்து வந்தார். முப்பத்தொரு நாள் நின்று பார்த்துவிட்டுப் போவதென்று ஏற்பாடு. அவர் ஒரு பெரிய சமையற்கூடத்தில் வேலை செய்பவர், எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார். ஒரு பெட்டி நிறையப் பிள்ளை பெற்றவளுக்கு அரைத்துக் கொடுக்கும் காயச் சரக்கு, பழைய வெள்ளை வேட்டிகள், மஞ்சள், வேப்பிலை எல்லாம் கொண்டுவந்திருந்தார். ஆனால் இரும்பு கொண்டுவரவில்லை. இரும்பு எந்த வீட்டிலும் இருக்கும் என்று நினைத்திருக்கிறார்.

பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று பின்னேரம், குசினியில் கத்தி, கரண்டி போடும் லாச்சியை அப்படியே இழுத்து மேசையில் வைத்துக்கொண்டு கத்தி கத்தியாக எடுத்துப் பார்த்தார்.

"தம்பி, இதெல்லாம் எவர்சில்வர். இரும்பு எங்க?"

"என்னத்துக்கு அக்கா?"

"பிள்ளைக்குப் பக்கத்தில வைக்கத்தான். காத்துக் கறுப்பு அண்டாமல்."

மனைவி கட்டிலில் இருந்தபடி சிரித்தாள். "அக்கா, அந்தக் கத்தியில ஃப்ரிட்ஜ் காந்தம் ஒட்டுது. இரும்புதானே?"

"காந்தம் ஒட்டினால் காணாது. இரும்பெண்டால் கறள் பிடிக்கோணும். பத்து வருசமாகியும் இது பளபளக்குது, இது என்ன இரும்பு?"

தோசைத் தட்டைப் பார்த்தார். அது ஒட்டாத பூச்சுப் பூசியது. தொட்டிலைத் தட்டிப் பார்த்தார். முழுக்க மரம், ஆணிக்குப் பதில் மர முளைகள். கடைசியில் இடுப்பில் கைவைத்து என்னைப் பார்த்தார்.

"நாள் முழுக்க இரும்பு வெட்டுற மனிசன். வீட்டில ஒரு துண்டு இரும்பு இல்லை. இதை ஆருக்குச் சொல்ல?"

"நாளைக்குக் கடையில வாங்கிக்கொண்டு வாறன் அக்கா," என்றேன்.

மறுநாள் நான் கடைக்குப் புறப்படும்போது, "தேவையில்லை தம்பி, கிடைச்சிட்டுது," என்றார். எங்கேயிருந்து என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். ஆனால் எனக்குக் கடைக்குப் போகும் வேலை மிச்சம் என்றுதான் தோன்றியது.

இரண்டு கிழமை லீவு முடிந்து வேலைக்குத் திரும்பினேன். மூன்றாம் நாள், புதன்கிழமை, காலை முறை வேலை முடிந்து மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தேன். மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை பால் கக்கியிருந்தது. அதைத் தூக்கிப் பெரிய கட்டிலில் கிடத்திவிட்டு, தொட்டில் விரிப்பை மாற்ற மெத்தையைத் தூக்கினேன். தலைமாட்டில், மஞ்சள் துணியில் முடிந்து ஒன்று இருந்தது. கனமாக இருந்தது. அவிழ்த்துப் பார்த்தேன். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில் ஒரு நட்டு. நாலு மூலைகள். ஒரு பக்கம் சாம்பல் நிறப் பெயின்ற், மற்றப் பக்கம் முழுக்கக் கறள். இலக்கம் இல்லை.

"அக்கா, இது எங்கால?"

அவர் குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தார். "உங்கட பழைய கறுத்த ஜாக்கெட்டுக்குள்ள இருந்தது தம்பி. அலுமாரிக்குள்ள தொங்கினது. நல்ல பழைய இரும்பு, பாத்தியளே, என்ன மாதிரிக் கறள் பிடிச்சிருக்கு!"

அவருக்கு அவ்வளவு பெருமை. நான் "ஓம்" என்றேன்.

அந்தக் கறுப்பு ஜாக்கெட் என் குளிர்கால வேலை ஜாக்கெட். போன மார்ச் மாதம் அதைப் போட்டிருந்தபோது எங்கள் இடத்தில் ஒரு குழப்பம் நடந்தது. உள்மண்டபத்திலிருந்து ஒரு பெட்டி வேறொரு பெட்டியின் இலக்கத்தோடு வெளியே வந்துவிட்டது. நான் மூடியைத் திறந்துவிட்டேன். உள்ளே முழுக்க இன்னும் கழுவி அளக்காத நட்டும் போல்ட்டும். அரை மணித்தியாலத்துக்குள் கண்டுபிடித்துப் பெட்டியைத் திரும்ப உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். என் கை, கால், சப்பாத்து எல்லாம் அளந்தார்கள். ஒன்றுமில்லை. ஆனால் அவர்கள் அளக்க வருவதற்கு முன்பே ஜாக்கெட்டைக் கழற்றி ஆணியில் தொங்கவிட்டிருந்தேன். அதை ஒருவரும் அளக்கவில்லை. அந்த அரை மணித்தியாலத்தில் நான் தரையில் எதையாவது குனிந்து எடுத்தேனா என்று நினைத்துப் பார்த்தேன். என் கைக்கு அது பழக்கம். மனம் அதைக் கவனிப்பதில்லை.

கதிர்வீச்சிலிருந்து தப்புவதைச் சொல்லித்தரும் கதிர்ப் பாதுகாப்பு வகுப்பு ஒவ்வொரு வருடமும் எங்களுக்கு நடக்கும். கதிருக்குப் பக்கத்தில் நின்ற நேரம், அதற்கும் நமக்கும் உள்ள தூரம், இடையில் உள்ள தடுப்பு. இந்த மூன்றையும் பதினொரு முறை கேட்டிருக்கிறேன். தொட்டிலுக்கு முன்னால் நின்று கணக்குப் பார்த்தேன். நேரம், பதினாறு நாள். தூரம், என் நாலு விரல் அகலம். தடுப்பு, பஞ்சு.

"கழுவிப்போட்டு வைக்கிறன் அக்கா," என்று சொல்லி நட்டைத் துணியோடு கொண்டுபோய், வெறும் பால்மா டின்னுக்குள் போட்டு மூடி, பல்கணி மூலையில் வைத்தேன். கையை மூன்று முறை கழுவினேன். விரிப்பையும் மெத்தை உறையையும் ஒரு பையில் கட்டினேன். மனைவி தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, "என்னப்பா, பிள்ளையைத் தூக்குங்கோவன், அழுறாள்," என்றாள்.

"தடிமன் மாதிரி இருக்கு. நீர் தூக்கும்."

"இப்பதானே தூக்கிக் கிடத்தினீங்கள்?"

"அதுக்குப் பிறகுதான் தும்மினனான்."

உடனே தொலைபேசியில் வேலையிடத்துக்குச் சொல்லியிருக்கலாம். ஐந்து மணி வரை ஆட்கள் இருப்பார்கள். தொலைபேசியைக் கையில் எடுத்துத் திரும்ப வைத்தேன். வேலையிடத்துப் பொருளை வீட்டுக்குக் கொண்டு வந்தவன் என்று நிறுத்திவிடுவார்களோ என்பது ஒரு பயம். மற்றது பெரிய பயம். வெள்ளை உடுப்போடு ஆட்கள் படியேறி வருவார்கள், மேல்வீட்டுக் கிழவி கதவைத் திறந்து பார்ப்பாள், பிறகு யூகன்ட் அம்டிலிருந்து கடிதம் வரும். சிறுவர்களுக்கான அரசாங்க அலுவலகம் அது. பிள்ளையைப் பறித்துக்கொண்டு போகிற இடம் என்றுதான் எங்கள் சனம் அதைச் சொல்லும். பிள்ளையின் மெத்தைக்குக் கீழே அணுக்கப்பல் இரும்பு வைத்த தகப்பன் என்று எழுதினால் யார் பிள்ளையைத் திருப்பித் தருவார்கள்?

சொல்லாமல் விட்டாலோ, ஆயுள் முழுக்கத் தெரியாமலே இருக்கும். அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தால், ஒரு கட்டி வந்தால், ஒவ்வொரு முறையும் எனக்கு மட்டும் அந்த நட்டு ஞாபகம் வரும். அதை என்னால் சுமக்க ஏலாது என்று தெரிந்தது. அன்று பிள்ளையைத் தாயோடு பெரிய கட்டிலில் படுக்கச் சொன்னேன். தடிமன் என்று சொல்லி நான் சோபாவில் படுத்தேன்.

வியாழக்கிழமை காலை, டின்னையும் பையையும் ஒரு பழைய முதுகுப்பையில் வைத்துக்கொண்டு போனேன். உடுப்பு மாற்றாமல் நேரே கதிர்ப் பாதுகாப்பு அறை வாசலில் போய் நின்றேன். எங்கள் மேற்பார்வையாளர் அந்த வழியால் வந்தார். பெரிய வயிறு, பெரிய குரல்.

"என்ன, உடுப்பு மாற்றும் அறை அந்தப் பக்கம். பதினொரு வருடத்தில் வழி மறந்துவிட்டதா? குழந்தை தூங்க விடவில்லையா?"

தலையாட்டினேன். அவர் சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

கதிர்ப் பாதுகாப்புக்குப் பொறுப்பான பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். குறைவாகப் பேசுவார். எங்களில் பலருக்கு அவரைக் கண்டால் கொஞ்சம் பயம், ஏனென்றால் ஒரு கையெழுத்துக் குறைந்தாலும் தாளைத் திருப்பி அனுப்புவார். கதவைத் திறந்து என்னையும் டின்னையும் பார்த்தார்.

"இது பால்மா."

"உள்ளே பால்மா இல்லை," என்றேன்.

என் ஜேர்மன் மொழி வேலைக்குப் போதும், இப்படியான கதைக்குப் போதாது. ஆனாலும் சொன்னேன். மனைவியின் தமக்கை, ஜாக்கெட், நட்டு, மெத்தை, பதினாறு நாள். கையுறை போட்டு, டின்னைத் திறந்து, நட்டை ஒரு தட்டில் வைத்தார். முதலில் கையில் பிடிக்கும் கருவியை வெறும் மேசைக்கு மேலே பிடித்தார். டிக், டிக் என்று விட்டுவிட்டு அடித்தது. பிறகு நட்டுக்கு மேலே பிடித்தார். அதே டிக், டிக். எனக்குக் கூடினதுபோலக் கேட்டது.

"கூடுதா?"

"இல்லை. பேசாமல் கேளுங்கள்."

கேட்டேன். கூடவில்லை. ஆனால் அவர் அதோடு விடுகிற ஆளில்லை. வட்டமான வெள்ளைத் தாளால் நட்டைச் சுற்றித் துடைத்து, தாளை ஒரு கருவிக்குள் வைத்தார். நட்டை ஈயச் சுவர் உள்ள பெட்டிக்குள் வைத்து மூடினார். பதினைந்து நிமிடம் என்றார். அதற்குள் என் பையை வாங்கி விரிப்பையும் மெத்தை உறையையும் அங்குலம் அங்குலமாக அளந்தார். மஞ்சள் கறை இருந்த இடத்தில் நிறுத்தினார்.

"இது என்ன?"

"மஞ்சள். கறிக்குப் போடுகிற மஞ்சள்."

"இது?"

"பால் கக்கினது."

எழுதிக்கொண்டார். பிறகு நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்துக் கேட்டார். "ஏன் குழந்தைக்குக் கீழே இரும்பு?"

நான் பயந்திருந்த கேள்வி அது. "எங்கள் வழக்கம்," என்றேன். "பிறந்த பிள்ளையிடம் கெட்டது எதுவும் வராமல் இருக்க. பழைய இரும்பாக இருக்க வேண்டும்."

அவர் சிரிக்கவில்லை. "பழையது மட்டுமா, எந்த அளவும் சரியா?"

"எந்த அளவும் சரி. கறள் பிடிக்க வேண்டும்."

அதையும் எழுதினாரா என்று தெரியாது. பெட்டி ஒரு சத்தம் போட்டது. திரையை எனக்குத் திருப்பிக் காட்டினார். இரண்டு கோடுகள் இருந்தன. ஒன்று பெட்டி வெறுமையாக இருந்தபோது எடுத்தது, மற்றது நட்டு உள்ளே இருந்தபோது எடுத்தது. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன. எது எது என்று நிறத்தை வைத்துத்தான் சொல்லலாம்.

"ஒன்றுமில்லை," என்றார். "இந்த நட்டில் ஒன்றுமில்லை. விரிப்பிலும் ஒன்றுமில்லை. உங்கள் குழந்தைக்கு ஒன்றும் நடக்கவில்லை."

அவர் ஒரு நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டார். இருந்தேன். ஆஸ்பத்திரியில் கேட்டதுபோல இங்கேயும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். இந்த முறை வாங்கிக் குடித்தேன்.

"ஆனால் இது எங்கேயிருந்து வந்தது?" அவருக்கு அது தெரியாமல் தாளை முடிக்க முடியாது. தொலைபேசியில் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டார். அவர் வந்து நட்டைக் கையில் எடுத்து ஒரே பார்வையில் சொன்னார்.

"கப்பலில் நாலு மூலை நட்டு எங்கே இருக்கிறது? இது தண்டவாளத்து நட்டு. வெளி முற்றத்தில் பழைய ரயில் பாதை கிடந்ததே, போன குளிருக்குக் கழற்றினோமே. நீதானே பின்னால் பொறுக்கிக்கொண்டு திரிந்தாய், என் வண்டிச் சில்லுக்குக் கீழே போய்விடும் என்று!"

அப்போதுதான் ஞாபகம் வந்தது. பனி கொட்டிக் கிடந்தது. தண்டவாளத்தைத் தூக்கிய இடத்தில் நட்டுகள் கறுப்பாகத் தெரிந்தன. கை விறைத்துப்போய், ஒன்று பைக்குள் விழுந்த சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. அந்த ரயில் பாதை உள்மண்டபத்துக்குக் கிட்டவும் போனதில்லை.

"இதை ஏன் பால்மா டின்னில்?" என்று மேற்பார்வையாளர் கேட்டார். நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன்.

"தனிப்பட்ட விஷயம்," என்றார் அவர். மேற்பார்வையாளர் தோளைக் குலுக்கிக்கொண்டு, நட்டு வேண்டுமென்றால் வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

யூகன்ட் அம்ட் பற்றி நான் கேட்டேன். அவர் முதலில் விளங்காமல் பார்த்தார். பிறகு, "ஒரு தண்டவாள நட்டுக்கா?" என்றார். "நேற்று மூன்று மணிக்குக் கண்டீர்கள். நான் ஐந்து மணி வரை இங்கே இருந்தேன். அடுத்த முறை உடனே கூப்பிடுங்கள். ஒரு இரவு முழுக்க வைத்திருக்காதீர்கள்," என்றார். ஏசுவது போலத்தான் சொன்னார். ஆனால் எனக்கு நன்றாக இருந்தது.

தாளில் கண்டெடுத்த பொருள், பழைய ரயில் பாதை, அளந்ததில் எதுவுமில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டு, ஒரு பிரதியை எனக்குத் தந்தார். நட்டையும் தந்தார். கதவருகே போனபோது மறுபடி கூப்பிட்டார்.

"ஒரு விளிம்பு கூராக இருக்கிறது. தடித்த துணியில் சுற்றுங்கள். மெத்தைக்குக் கீழே வேண்டாம், தொட்டிலுக்குக் கீழே, தரையில் வையுங்கள். குழந்தையின் வாய்க்கு எட்டக் கூடாது. கறள்."

அன்று வீட்டுக்கு வந்தபோது படியிலேயே பிள்ளையின் அழுகை கேட்டது. அக்கா கதவைத் திறந்தார். முகம் கோபத்தில் இருந்தது.

"காலமையிலிருந்து இப்பிடித்தான். மெத்தையைத் தூக்கிப் பாத்தன், இரும்பைக் காணேல்லை. கழுவி வைக்கிறன் எண்டு சொன்னனீங்கள், எங்க வச்சியள்?"

முதுகுப்பையை இறக்கிவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் நேரே போய்ப் பிள்ளையைத் தூக்கினேன். மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தடிமன் போட்டுதோ?"

"தடிமன் இல்லை," என்றேன். இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி மனைவி கேட்டது அதுதான் முதல் தடவை என்று பிறகு சொன்னாள். ரயில் பாதை என்று வரும் வரை அவள் என் கையைப் பிடித்திருந்தாள். வந்தபிறகு அந்தக் கையாலேயே என் தோளில் ஒன்று போட்டாள்.

"ஒரு இரவு முழுக்க என்னட்டச் சொல்லாமல் சோபாவில கிடந்தீங்களே, மனிசனோ நீங்கள்?"

அக்கா கதிரையில் இருந்துவிட்டார். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். "நான் என்ர கையால வச்சனே. ஐயோ தம்பி, நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"நானும் கேட்கேல்லையே அக்கா. ஒண்டுமில்லை எண்டு எழுதித் தந்திட்டினம். இஞ்ச பாருங்கோ."

தாளை நீட்டினேன். அவருக்கு ஜேர்மன் வாசிப்பு என்னைவிட நன்றாக வரும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து கையெழுத்து வரை வாசித்தார். பிறகு இன்னொரு முறை வாசித்தார். பிள்ளை என் தோளில் ஏவறை விட்டு அழுகையை நிறுத்தியிருந்தது. வயிற்றுக்குள் காற்று இருந்திருக்கிறது.

அக்கா எழும்பிப்போய், தடித்த துவாய்த் துண்டொன்றில் நட்டை இரண்டு சுற்றுச் சுற்றி ஊசி நூலால் தைத்தார். தொட்டிலுக்குக் கீழே, தரையில், சுவரோடு வைத்தார். தாளைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"தம்பி, இந்தக் கடதாசியையும் அதோட வைக்கட்டோ?"

மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தையல் நோகுது, சிரிக்க வைக்காதேங்கோ அக்கா என்றாள். அக்கா யாருடைய பதிலுக்கும் காத்திராமல் தாளை நாலாக மடித்து நட்டுக்குக் கீழே வைத்துவிட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வேலைக்குப் போனேன், பன்னிரண்டு துண்டு வெட்டினேன். வீட்டுக்கு மருத்துவிச்சி வந்து பிள்ளையை நிறுத்துப் பார்த்திருக்கிறார். மூன்றரைக் கிலோ, பிறந்ததைவிட முந்நூறு கிராம் கூட.